டச்சிங் மிஸ் எடுத்த மழைகள்

கொட்டாஞ்சேனையில் நான் வேலைக்குப் போன ஸ்டூடியோவில் அவரை எல்லாரும் ‘டச்சிங் மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவர்தான், அவருடைய தாயார். நான் ‘அக்கா’ என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு முப்பத்தேழோ முப்பத்தெட்டோ இருக்கும்.

டச்சிங் என்பது முகங்களைத் திருத்துகிற வேலை. கண்ணாடி நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் நிறுத்தி, கீழிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். கலியாணப் பேச்சுக்கு அனுப்புகிற படமென்றால் பென்சில் கொஞ்சம் தாராளமாகவே வேலை செய்யும். யன்னலோரத்தில் தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை அவர் அதையே செய்தார். கொழும்பில் எத்தனை பெண்கள் அந்தப் பென்சிலின் தயவால் புருசன் வீட்டுக்குப் போனார்களோ, அவர்களுக்கே தெரிந்திருக்காது.

என் வேலை வேறு. படமெடுக்க வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்வது, தலைவாருவது, முக்காட்டோடு வரும் முஸ்லிம் வீட்டுப் பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் உட்காரவைப்பது. வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ரெயிலில் கோட்டைக்கு வந்து அங்கிருந்து பஸ் எடுப்பேன். கலியாணம் சரிவரும்வரைக்கும் போய்வரட்டும் என்று அண்ணன் அரைமனதோடு விட்டிருந்தார்.

முதல் நாளே அக்கா துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். எங்கே, யார் என்று எதுவும் கேட்கவில்லை.

“இடது புருவத்துக்கு மேல ஒரு வெட்டு இருக்கு. சின்னதில விழுந்தீங்களா?”

“ஓம் அக்கா. கிணத்துக்கட்டில வழுக்கி விழுந்தனான்.”

“ஆ” என்றார். தலை மறுபடியும் துணிக்குள் போய்விட்டது. அன்றைக்கு அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

மத்தியானம் நாங்கள் எல்லாரும் பின்கட்டில் சேர்ந்து சாப்பிடுவோம். அக்கா தன் பாணையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விடுவார். நின்றபடி, கிழக்கே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சில நாள் வேலை நடுவிலேயே துணியை விலக்கி, “களனிப் பக்கம் மழைக்கால் இறங்கிட்டுது” என்பார். நாங்கள் எட்டிப் பார்ப்போம். தெருவில் கண்ணைக் குத்துகிற வெயில். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து யாராவது சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்வார்கள். “டச்சிங் மிஸ் சொன்னாச் சரிதான்” என்று சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார். தான் கண்டுபிடித்தது சரிவந்ததில் ஒரு சந்தோசமும் அவர் முகத்தில் தெரியாது. யாரோ தன்னிடம் வாங்கிப் போன ஒரு பொருளைத் திருப்பித் தந்த மாதிரி, ஒருமுறை தலையசைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மழையைப் படமெடுத்தார்.

முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஸ்டூடியோவில் கழித்துப்போட்டிருந்த பழைய பெட்டிக் கமராவையும், காலம் கடந்துபோய் வாடிக்கையாளருக்குப் பயன்படுத்த முடியாத பிளேட்டுகளையும் அக்காவுக்குக் கொடுத்திருந்தார். மற்றப்படி அந்த விசயத்தில் அவர் தலையிடுவதில்லை. காலைப் பூசை முடிந்ததும் அக்கா முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு, கமராப் பெட்டியை ஒரு பையில் கட்டிக்கொண்டு தனியே புறப்படுவார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிப் போவதைப் பார்த்துத் தெருவே திரும்பும். முதலில் விசர் என்றார்களாம். பிறகு பழகிவிட்டது.

பெரிய வெளிகளைத்தான் தேடிப் போவார். காலிமுகத்திடல், முகத்துவாரத்துக் கடற்கரை, சில நாள் தெஹிவளைக்கும் அப்பால் வயல்வெளிகள். நான் ஒருமுறை கேட்டுக்கொண்டு கூடப் போனேன். கிராண்ட்பாஸ் தாண்டி ஒருகொடவத்தைப் பக்கம் நடந்தோம். அப்போது அங்கே இப்போதிருக்கிற கொள்கலன் முற்றங்களும் லொறிகளும் இல்லை. சதுப்பும் வயலுமாக, எருமைகளும் கொக்குகளும் நிற்கிற பெரிய வெளி. சித்திரை வெயில். காலை பத்து மணிக்கு முக்காலியை ஊன்றினார். மூன்று மணி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. அவர் குடையைக்கூட என்னிடம் தந்துவிட்டுக் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்குச் சலிக்காதா அக்கா?”

“சலிக்கும்” என்றார். லென்சைத் துணியால் துடைத்துவிட்டு, “சலிப்பு ரெண்டு மணித்தியாலந்தான். அதுக்குப் பிறகு சலிக்காது” என்றார்.

மூன்று மணிக்கு மேல் கிழக்கே வெள்ளையாக ஒரு மேகம் எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பூக்கோவாபோலத் திரண்டு, அடி கறுத்து, மேலே தட்டையாகப் பரந்தது. பிறகு அந்தக் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தூண் நிலத்தைத் தொட்டது. வெகு தூரத்தில். சத்தமே இல்லை. எங்களுக்கும் அதற்கும் நடுவில் வயல் முழுதும் மஞ்சள் வெயில். ஓர் எருமை வால் வீசிக்கொண்டு நின்றது. அக்கா மஞ்சள் கண்ணாடியை லென்சில் மாட்டினார். அது போடாவிட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும் என்றார். மூடியைக் கழற்றி, வாய்க்குள் எண்ணி, மூடினார்.

“எங்களுக்கு ஒரு துளியும் விழேல்லையே” என்றேன்.

“விழக்கூடாது. நம்ம தலையில விழுந்தா அந்தப் படம் எனக்கு வேணாம்.”

அப்படித்தான் நடந்தது. அரை மணித்தியாலத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பி, முதல் துளி கையில் விழுந்ததும் அவர் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். தலைக்கு மேலே அப்போதுதான் வானம் பயங்கரமான அழகோடு உருண்டுகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மின்னலும் இடியுமாக ஒரு தகரக் கொட்டிலில் ஒதுங்கி நின்றோம். “இதையும் ஒண்டு எடுக்கலாமே அக்கா” என்றேன். “இத எடுத்து என்ன? இத எல்லாருக்கும் தெரியுமே” என்றார்.

மறுநாள் அந்தப் பிளேட்டைக் கழுவி எடுத்து, ஓரத்தில் ஊசியால் கீறினார். எட்டிப் பார்த்தேன். ‘ஒருகொடவத்தை. கிழக்கு. 3.35. இங்கே வெயில்.’ பிறகுதான் பெட்டியிலிருந்த மற்றப் பிளேட்டுகளையும் பார்த்தேன். இடம், திசை, நேரம் மூன்றும் மாறும். ‘இங்கே வெயில்’ மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

அந்த வருசமோ அடுத்த வருசமோ, மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் தன் பங்களாவையும் தேயிலைச் சரிவையும் எடுத்த நெகட்டிவைப் பெரிதாக்கித் தரும்படி கொடுத்திருந்தார். அதில் வானம் காகிதம்போல வெளுத்திருந்தது. அப்படியான படங்களுக்கு வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தை எடுத்து மேலே அச்சடிப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். முதலாளி நேரே அக்காவிடம் வந்தார்.

“உங்க பெட்டியிலருந்து நல்ல மேகமா ஒண்ணு குடுங்கம்மா. மழை இறங்குற மாதிரி. துரை அசந்துபோவாரு.”

“அது ஒருகொடவத்தையில நிண்ட மேகம், முதலாளி. மலையில போய் நிக்காது.”

“யாரும்மா கேக்கப் போறா?”

“ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அதுதான் குடுக்க ஏலாது.”

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் வாடிக்கையாளர் முன் அவமானப்படப் பயந்தவர். “தினமும் மூஞ்சியில பொய் எழுதுறீங்க. வானத்துல எழுதினா மட்டும் கை கூசுதா?”

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். “முகம் அவங்கட முகம். அவங்களே வந்து திருத்தித் தாங்கண்டு கேக்கிறாங்க. வேணுமெண்டா இந்தப் படத்தில பென்சிலால மேகம் கீறித் தாறேன். கீறினதெண்டு பாத்த உடனே தெரியும். நான் எடுத்தத வெட்டி ஒட்டித் தரமாட்டேன். போகச் சொன்னாப் போறேன்.”

முதலாளி உள்ளே போய்விட்டார். கடைசியில் துரைக்கு வெள்ளை வானந்தான் போனது. ஆனால் அன்று எனக்கு அக்காமேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு மேகத்துக்காக இருக்கிற வேலையை விடத் துணிகிற பெண்ணை என்னவென்று சொல்வது? வீட்டில் வயதான தாயை வைத்துக்கொண்டு?

காரணம் எனக்குத் தெரியவந்தது அந்தத் தாயிடமிருந்துதான். ஒருமுறை அக்காவுக்குக் காய்ச்சல். அவசர நெகட்டிவ் இரண்டைக் கொடுத்துவரச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். ஒரு பேக்கரிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற ஒற்றை அறை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். தாயார் கட்டிலில் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயது. சிவப்புக் கரை போட்ட சேலை. கழுத்தில் தாலி.

“இரு புள்ள. கோப்பி போடுறேன். எங்கவீட்டு மனுசனுக்கும் இந்தக் காத்துக்கு இருமல் வந்திருக்கும். அந்தச் சிறுக்கி இஞ்சி இடிச்சுக் குடுப்பாளோ என்னவோ.”

எனக்கு விளங்கவில்லை. “ஐயா எங்க இருக்கிறார் அம்மா?”

“தூத்துக்குடியில. அவளோட.”

கோப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்காவின் தகப்பன் தோணித் தண்டல். கொழும்புக்கும் தூத்துக்குடிக்குமாகச் சின்னத் தோணி ஒன்று ஓட்டியவர். அக்காவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு பங்குனி மாதம், இரண்டு ஆட்களோடு புறப்பட்டார். போய்ச் சேரவில்லை. பங்குனிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இந்தக் கரையில் கேட்டால் வானம் துப்புரவாக இருந்தது என்றார்கள். அந்தக் கரையிலும் அதையே சொன்னார்கள். கூடப்போன இருவரும் அந்தக் கரைக்காரர். அவர்கள் வீடு எதுவென்று இங்கே யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து வந்த ஒருவன், அவரைத் தூத்துக்குடிக் கடைத்தெருவில் ஒரு பெண்ணோடு கண்டதாகச் சொன்னான். தோணியை விற்றுவிட்டுக் குடித்தனம் போட்டுவிட்டார் என்று துறைமுகம் முழுதும் பேச்சானது.

“அவளுக்கு ரெண்டு பொடியன், ஒரு பொட்ட” என்றார் தாயார். யாரும் சொல்லிக் கேட்டதல்ல. அவரே வருசக்கணக்காகக் கணக்குப் பார்த்து வைத்திருந்தது. “மூத்தவனுக்கு இப்ப கலியாணம் முடிஞ்சிருக்கும். மனுசனுக்குப் பல்லு விழுந்திருக்கும். கஞ்சி வெச்சுக் குடுக்கவேணும். அவ செய்யமாட்டா. அலங்காரக்காரி.”

கட்டிலடியில் பிளேட் பெட்டிகள் இருந்தன. அவற்றின்மேல் அச்சடித்த மழைப்படம் ஒன்று குப்புறக் கிடந்தது. தாயார் காலால் அதைச் சற்றே தள்ளினார்.

“இவ கொண்டாந்து கொண்டாந்து காட்டுறா. பாருங்கம்மா, இங்க வெயில், அங்க மழை, கரையில நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்ண்டு கேக்கிறா. மழ பெய்ஞ்சா மழ. அதுக்காக மனுசன் செத்ததாயிருமா? பெத்த தகப்பனச் சாகடிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போறா.”

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அக்கா தூங்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். போர்வைக்கு வெளியே தெரிந்த கை விரல்கள் இறுக மடங்கியிருந்தன. நான் நெகட்டிவ்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேலைக்குத் திரும்பிய பிறகு அவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளுக்குத் தகப்பன் துரோகி ஆகாமல் செத்திருக்க வேண்டும். தாய்க்கு, துரோகியானாலும் அவர் இருக்க வேண்டும். இருவரும் ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு முப்பது வருசம் இருந்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு ஒருமுறை கலியாணம் பேசிவந்த கதையையும் பின்னொரு நாள் தெரிந்துகொண்டேன். இதை அக்காவே சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டு. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நீர்கொழும்புப் பக்கத்து மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, கோயில் பதிவுக்காகத் தகப்பன் இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா என்று கேட்டார்களாம்.

“நான் ‘காலமாயிட்டார்’ண்டேன். அம்மா ‘இருக்கிறார்’ண்டாங்க. ஒரே நேரத்தில. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. தேத்தண்ணி பாதியில இருந்திச்சு. வெச்சுட்டுப் போயிட்டாங்க.”

“நீங்கள் அண்டைக்கு ஒருக்கா அம்மா சொன்னதுக்கு ஓமெண்டு விட்டிருக்கலாமே அக்கா.”

“அம்மாவும் அப்பிடித்தான் விட்டிருக்கலாம்” என்றார். சிரிப்பு அதோடு போய்விட்டது.

யுத்தம் நெருங்கி வந்தது. சிங்கப்பூர் விழுந்த சேதி வந்த பிறகு கொழும்பில் ஒருவர் முகமும் நன்றாக இல்லை. யன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம். துறைமுகத்தை அண்டிய இடங்களில் கமராவோடு நடமாடக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார்கள். முதலாளி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் சொன்னேன்.

“ஒருகொடவத்தைப் பக்கம் போங்கோவன் அக்கா. முகத்துவாரத்துக்கு மட்டும் போகாதேங்கோ.”

“இது பங்குனி மாசம், தங்கச்சி” என்றார்.

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை. அத்தனை வருசமாகப் பெட்டி பெட்டியாக எடுத்த மழைகளில் பங்குனியில் கடல்மேல் இறங்கிய மழை ஒன்றும் இல்லை. சித்திரையில் இருந்தது, ஐப்பசியில் இருந்தது. ‘பங்குனியில அப்பிடி நடக்காது’ என்று சொன்னவர்களுக்குக் காட்ட அந்த ஒன்றுதான் அவரிடம் இல்லாமலிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வேலைக்கு வரவில்லை. பத்து மணிபோல ஒரு கான்ஸ்டபிள் வந்து முதலாளியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். பெண்பிள்ளை விசயம் என்பதால் முதலாளி என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம், “சொன்னேனே, சொன்னேனே” என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

அக்கா ஒரு மரவாங்கில் நேராக உட்கார்ந்திருந்தார். சேலைக்கரையில் கடல்மணல். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேசைமேல் கமரா. அதனருகே அவர் அறையிலிருந்து எடுத்துவந்திருந்த மூன்று பெட்டிப் பிளேட்டுகள். இன்ஸ்பெக்டர் எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர் என்பது வாய்திறந்ததும் தெரிந்தது. ஒரு பிளேட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“‘முகத்துவாரம். வடமேற்கு. மூண்டு இருபது. இங்கே வெயில்.’ எல்லாத்திலயும் உதுதான் கிடக்கு. ‘இங்கே வெயில்.’ உது ஆருக்குக் குடுக்கிற சைகை?”

“சைகை இல்ல, சேர். இங்க வெயிலா இருந்திச்சு. அதான் எழுதினேன்.”

“துறைமுகத்துக்குப் பக்கத்தில நிண்டு கடலைப் படமெடுக்கிறீர். நேரம் எழுதுறீர், திசை எழுதுறீர். ஜப்பான்காரன் எந்தப் பக்கத்தால வரப்போறானோ எண்டு ஊரே பயந்து கிடக்குது. நீரே சொல்லும், நான் என்னெண்டு நினைக்கிறது?”

அக்காவின் கண் மேசையின் மறுபக்கம் போயிருந்தது. பிளேட்டை வைக்கிற மரச்சட்டம் அங்கே திறந்து கிடந்தது. உள்ளேயிருந்த பிளேட் பளபளவென்று பகல் வெளிச்சத்தில் இருந்தது. கழுவாத பிளேட். யாரோ உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்திருக்கிறார்கள்.

“அத யாரு தொறந்தது?” என்றார்.

மூலையில் நின்ற கான்ஸ்டபிள் கீழே பார்த்தான். இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது: கழுவுமுன் வெளிச்சம் பட்டால் அதிலிருந்த படம் அழிந்துபோகும்.

“கடல்மேல மழை இறங்கினது. காலையில ஏழு பத்துக்கு எடுத்தது” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. எழும்பிப் போய், அந்தச் சட்டத்தைத் தானே மூடி, கொக்கியை மாட்டி, திரும்பி வந்து உட்கார்ந்தார். மூடுவதால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாருமில்லை. ஒருவரும் தடுக்கவில்லை.

“எங்கப்பா தோணித் தண்டல், சேர்” என்று பிறகு தொடங்கினார்.

அதுவரை நான் கேட்டதெல்லாம் தாயார் சொன்ன கதை. அக்காவின் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“பங்குனியில என்ன புயல்?”

“புயல் இல்ல, சேர். ஒரேயொரு மழைக்கால். காத்தோட இறங்கும். அர மணித்தியாலம் நிண்டாலும் போதும், சின்னத் தோணிக்கு. கரையில நிக்கிறவனுக்கு அந்த நேரம் வெயில். அவன் கடல் நல்லாயிருந்திச்சுண்டு சொல்லுவான். அவன் பொய் சொல்லல்ல. அவனுக்குத் தெரியாது. அத ஒருத்தருக்கும் காட்ட ஏலாம இருந்திச்சு. அதான் எடுத்தேன்.”

இன்ஸ்பெக்டர் பெட்டியிலிருந்து இன்னொரு பிளேட்டை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு இன்னொன்று. இப்போது ஓரத்து எழுத்தைப் படிக்கவில்லை. நெடுநேரம் பார்த்தார். முதலாளி வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர் குனிந்து மளமளவென்று எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

“‘தகப்பன் தோணித் தண்டல். பங்குனி மாதத்தில் தூத்துக்குடிக்குப் போகும் வழியில், கடலில் மழைச் சூறையில் அகப்பட்டு, தோணியோடு இறந்தவர்.’ சரியோ?”

அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“இன்னொருக்கா வாசிங்க, சேர்.”

அவர் ஒருமுறை அக்காவைப் பார்த்துவிட்டு, மறுபடி வாசித்தார். இம்முறை மெதுவாக. அக்கா கையெழுத்துப் போட்டார். பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றார்கள். கமராவும் பிளேட்டுகளும் யுத்தம் முடியுமட்டும் அங்கேதான் இருக்கும் என்றார்கள். முதலாளி பொறுப்புக் கையெழுத்துப் போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில நாளில் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. கொழும்பு பாதி காலியானது. அண்ணன் எங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கேயே எனக்குக் கலியாணமும் நடந்தது. யுத்தம் முடிந்து கணவரோடு கொழும்பு வந்தபோது ஸ்டூடியோ இருந்த இடத்தில் சைக்கிள் கடை. பேக்கரிக்காரர் புதியவர், மேலே யார் இருந்தார்களென்று தெரியாது என்றார். பிளேட்டுகளை யாராவது திருப்பிக் கேட்டார்களா, திருப்பிக் கொடுத்தார்களா, அதுவும் தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் நான் அக்காவைக் கண்டது மூன்றோ நான்கோ நாள், வேலைமேசையில், கறுப்புத் துணிக்குள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இன்னும் முடியவில்லை. ஸ்டேஷனிலிருந்து அக்காவை வீட்டில் விட்டுவரும்படி முதலாளி சொன்னார். நல்ல மத்தியான வெயில். அக்கா மெல்ல நடந்தார். கமராவும் முக்காலியும் இல்லாமல் அவருக்குக் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“எழுதிட்டாரு, தங்கச்சி” என்றார்.

“ஓம் அக்கா.”

“கவர்மெண்டுத் தாளில. ‘இறந்தவர்’ண்டு.”

அவர் அழுவாரோ என்று பார்த்தேன். இல்லை. நேரே போய்த் தாயாரிடம் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். முப்பது வருச வழக்கில் தீர்ப்பைக் கையெழுத்தோடு வாங்கிவருகிற ஆளுடைய நடை அது. எனக்குத் தாயாரை நினைத்துப் பயமாக இருந்தது. அதனால்தான் படியடியில் நின்றுவிடாமல் நானும் மேலே ஏறிப் போனேன்.

தாயார் வாசலிலேயே நின்றார். திருநாளுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டியிருந்தார். தலை படிய வாரியிருந்தது. தாலியை எடுத்து வெளியே தெரிய விட்டிருந்தார். முகம் அப்படிச் சிவந்திருந்தது.

“அந்தாளப் பிடிச்சிட்டாங்களா?” என்றார்.

அக்கா படியில் நின்றுவிட்டார்.

“காலையில பொலிசு வந்து வீட்டு ஆம்பிள எங்கண்டு கேட்டுது. எனக்கு உடன விளங்கிட்டுது, ஆளு இங்கால வந்திருக்கு, தேடுறாங்கண்டு. எனக்குத் தெரியாதுண்டேன். எவ்வளவு அடிச்சுக் கேட்டாலும் நான் காட்டிக் குடுப்பேனா?” தாயார் மகளின் கையைப் பிடித்தார். “சொல்லு புள்ள. உன்னக் கூட்டிப் போய் அவரப் பத்தித்தானே கேட்டாங்க?”

“ஓம்மா. அவரப் பத்தித்தான்.”

“பிடிச்சிட்டாங்களா?”

“இல்ல. பிடிக்கல்ல.”

“உசிரோட இருக்கிறாராமா?”

பேக்கரியிலிருந்து பாண் வேகிற வாசம் மேலே வந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தாயாரின் பக்கம் திரும்பினார்.

“இருக்கிறாராம்” என்றார்.

தாயார் அப்படியே கட்டிலில் போய் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா” என்று இரண்டு முறை சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தூத்துக்குடிக்காரியைத் திட்டத் தொடங்கினார். வயதுபோன மனுசனைத் தனியே கடல்தாண்டி அனுப்பியிருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பிளையா என்று. குரலில் அப்படியொரு சந்தோசம்.

நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். பாதிப் படி இறங்கியிருப்பேன். திட்டு நின்று, உள்ளே அக்காவின் குரல் கேட்டது. தகப்பனைப் பற்றிய கதையில் அவர் தாயாரிடம் அப்படியொரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும்.

“அவ கறுப்பா, சிவப்பாம்மா?”

தாயார் யோசிக்கவேயில்லை.

“மாநிறம்” என்றார். “ஆனா பல்லு வரிச நல்லாயிருக்கும்.”